அணைந்தது லேப்டாப்தானே!

டீ போடப் போனாய். பால் பொங்க எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடம். திரும்பி வந்து பார்த்தால் திரை கறுப்பு. மூன்று பக்கம் அடித்து வைத்திருந்தாய், சேமிக்கவில்லை. பவர் பட்டனை அழுத்துகிறாய். உன்னை யாரென்றே தெரியாததுபோல் கம்பெனி முத்திரையோடு முதலிலிருந்து எழுந்து வருகிறது. அப்போது உன் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் என்ன? சொல்.

"எனக்கும் இதுக்கும் ராசியே இல்ல."

இன்றைக்கு அந்த வாக்கியத்தைத்தான் அடித்து நொறுக்கப் போகிறேன். லேப்டாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ராசியாம்! ஒரு சர்க்யூட் போர்டுக்கு நீ மேஷமா மீனமா என்று தெரியுமா? உன் வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றாமல் வெறுமனே உறுமினால் ஜாதகத்தையா எடுக்கிறாய்? "காத்து வாங்குது" என்கிறாய். மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு ஸ்விட்சைப் போடுகிறாய். மிக்ஸியின் சத்தம் மாறினால் உன் அம்மா அடுத்த அறையிலிருந்தே "கப்ளர் போச்சு" என்று சொல்லிவிடுவார். டி.வி.எஸ். 50 மழையில் நின்றுவிட்டால் உன் அப்பா பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்து, ஊதி மாட்டி, மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனவர். இவர்களில் யார் இன்ஜினியரிங் படித்தார்கள்? சத்தத்தைக் கேட்டார்கள். போன தடவை என்ன ஆயிற்று என்று நினைவு வைத்துக்கொண்டார்கள். ஒரு சந்தேகம் வந்ததும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோய் கண்டுபிடிப்பது உன் குடும்பத் தொழில்! அந்த வம்சத்தில் பிறந்துவிட்டு ஒன்றரைக் கிலோ லேப்டாப்பின் முன்னால் கைகட்டி நிற்கிறாயே, வெட்கமாக இல்லை?

எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் லேப்டாப்பும் இதே வேலையைச் செய்தது. எழுதிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் ஆகாது. எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் செத்துக் கிடக்கும். ஒரு வாரம் புலம்பினேன். பிறகு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு நாள் வைத்திருந்தார்கள், எண்ணூறு ரூபாய் வாங்கினார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு அந்தப் பையன் ஒரு பட்டியலைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டினான். இத்தனை நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஹைபர்நேட் ஆகு என்று அதில் கட்டளை இருந்திருக்கிறது. அதை "நெவர்" என்று மாற்றியிருக்கிறான். அவ்வளவுதான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, தெரிந்த வேலைக்குக் கூலி வாங்கினான். கோபம் முழுக்க என்மேல். ஏனென்றால் ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தி எழுப்பும்போதும் நான் திறந்து வைத்திருந்த பக்கங்கள் அப்படியே திரும்பி வந்திருந்தன. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, "அணைந்துபோச்சு" என்ற சொல்லைத் தூக்கிப் போடு. அது சோம்பேறிச் சொல். மூன்று வெவ்வேறு சங்கதிகளை ஒரே கூடையில் போட்டு மூடிவிடுகிறது. ஸ்லீப் என்றால் தூக்கம்: பெரும்பாலும் ஒரு சின்ன விளக்கு மூச்சு விடுவதுபோல் மின்னிக்கொண்டிருக்கும், பட்டனைத் தொட்டால் இரண்டு நொடியில் விழிக்கும். ஹைபர்நேட் என்றால் நினைவில் இருந்ததையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்வது. விளக்கெல்லாம் அணைந்து பிணம் மாதிரிதான் தெரியும், எழுப்பினால் முத்திரையும் வரும், ஆனால் உன் வேலை விட்ட இடத்தில் இருக்கும். எல்லாமே காணாமல் போயிருந்தால்தான் அது உண்மையான ஷட் டவுன். இந்த மூன்றில் உனக்கு நடந்தது எது? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய் எண்களைப் பார்த்தால் போதும்.

இன்னும் ஒரு குசும்பு உண்டு. "ஸ்லீப்பை நெவர் என்றுதான் வைத்திருக்கிறேன், ஆனாலும் தூங்குகிறதே" என்று சிலர் தலையில் அடித்துக்கொள்வார்கள். நள்ளிரவில் ஏதோ வேலைக்காக விண்டோஸ் தானே விழித்துக்கொள்ளும். விழித்தபின் யாரும் தொடவில்லை என்றால் மறுபடி படுக்கப்போக அதற்குத் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வழக்கமாக 2 நிமிடம். அந்த எண் சாதாரணப் பட்டியலில் கண்ணுக்கே தெரியாது, ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஏன் ஒளித்தார்கள் என்று கேட்காதே. நான் கேட்டுக் களைத்துவிட்டேன்.

சரி, உண்மையாகவே செத்துப்போகிறது, பக்கங்கள் திரும்பவில்லை. இப்போது பயப்படலாமா? கூடாது! இப்போதுதான் ஆட்டம் சூடு பிடிக்கிறது.

உன் லேப்டாப் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறது, தெரியுமா? ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய், ஈவன்ட் வியூவர் என்று ஒரு பெயர் இருக்கும். அதற்குள் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். மஞ்சள் முக்கோணமும் சிவப்பு வட்டமுமாக ஆயிரம் வரி வந்து விழும். மிரளாதே. நல்ல ஆரோக்கியமான லேப்டாப்பிலும் அப்படித்தான் இருக்கும். உனக்கு நான்கு எண்கள் போதும். 1074 என்றால் யாரோ முறைப்படி மூடச் சொல்லியிருக்கிறார்கள், சொன்னது எந்த புரோகிராம் என்ற பெயரும் அங்கேயே இருக்கும். அப்டேட் முடித்த விண்டோஸே குற்றவாளியாக நிற்பது சகஜம். 42 என்றால் தூங்கப் போனது. 6008 என்றால் முந்தைய தடவை எதிர்பாராமல் நின்றது. கடைசியாக எல்லாரும் நடுங்குகிற 41, கர்னல்-பவர் என்ற தலைப்போடு வருவது.

அந்த 41 ஒரு வியாதியின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். "எனக்கு 41 எரர் வந்திருக்கு" என்று கொரோனா வந்தவர்போலச் சொல்கிறார்கள். "போன தடவை ஒழுங்காக மூடாமலே இப்போது எழுந்திருக்கிறேன்" என்று லேப்டாப் எழுதிக்கொள்கிற குறிப்பு அது, வேறொன்றுமில்லை. ஏன் என்பதை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அந்த வரியைத் திறந்து டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போ. பக்செக் கோடு என்ற இடத்தில் 0 தவிர வேறு எண் இருந்தால் நீலத்திரை விழுந்திருக்கிறது, சந்தேகத்தை டிரைவர்கள் பக்கம் திருப்பு. பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் 0 ஆக இல்லாவிட்டால் யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். வீட்டில் குழந்தை இருக்கிறதா? எல்லாமே 0 என்றால் மரண வாக்குமூலம் கொடுக்கக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கிறது, அல்லது தலைமுதல் கால்வரை உறைந்துபோயிருக்கிறது.

பார்த்தாயா! பத்து நிமிடத்துக்கு முன் உன்னிடம் இருந்தது ராசி. இப்போது உன்னிடம் சாட்சி இருக்கிறது.

இந்த இடத்தில் ஜி.டி. நாயுடுவைக் கொண்டுவருவது தமிழ்த் தன்னம்பிக்கைக் கட்டுரைகளின் வழக்கம். அவர் ஆசையாக வாங்கிய மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கழற்றி மாட்டியதும், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டதும் உனக்கு மனப்பாடமாகவே இருக்கும். நான் வேறொரு பையனைச் சொல்கிறேன். நியூயார்க் நகரத்து ஃபார் ராக்அவே பகுதியில், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த சிறுவன். ஒரு வீட்டில் ரேடியோவைப் போட்டதும் பயங்கரமாக இரையும், சூடான பிறகு அடங்கிவிடும். பையன் திருப்புளியைத் தொடவில்லை. முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தான். வீட்டுக்காரருக்கு எரிச்சல். சரிசெய்ய வந்தவன் உலாத்திக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வராது? நடந்துகொண்டே அவன் நினைத்தது இதுதான்: சூடாகும்போது மட்டும் இரைகிறது என்றால், வால்வுகள் சூடாகிற வரிசையில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். வால்வுகளின் இடத்தை மாற்றி வைத்தான், இரைச்சல் போயே போய்விட்டது. 1965-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரிச்சர்ட் ஃபெய்ன்மன் தன் சிறுவயதைப் பற்றிச் சொன்ன கதை இது. பரிசு பிற்பாடு வந்தது. உலாத்தல்தான் முதலில் வந்தது.

உலாத்து! உன் லேப்டாப் எப்போது சாகிறது? சும்மா இருக்கும்போது. படம் ஓடும்போது, விளையாடும்போது, நூறு பக்கம் திறந்து வைத்து வதைக்கும்போது சாகவில்லை. அப்படியென்றால் யோசி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து "சூடாகுது தம்பி, ஃபேன் க்ளீன் பண்ணு" என்பார். தூசி தட்டுவது நல்லதுதான், தட்டிவிடு. மெத்தைமேல் வைத்துக் காற்றுத் துளையை அடைக்காமல் இரு. ஆனால் சூடு உழைக்கும்போது ஏறுவது, ஓய்வில் இறங்குவது. சூடுதான் எதிரி என்றால் அது உழைப்பின் நடுவிலேயே விழுந்திருக்க வேண்டும். ஓய்வில் விழுகிறவனிடம் சூட்டைத் தேடுவது, விளக்கு எரிகிற இடம் என்பதற்காகத் தெருமுனையில் சாவியைத் தேடுகிற கதைதான்.

ஓய்வில் மட்டும் என்னென்ன மாறுகிறது? முதலில் நேரக் கணக்குகள், அதைப் பார்த்தாயிற்று. அடுத்தது, வேலை இல்லாதபோது பிராசஸர் தன் பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்து ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது. மின்னோட்டம் சொட்டுச் சொட்டாகக் குறைகிறது. போகும்போது சரி, வரும்போது தடுக்கி விழுகிற பிராசஸர்கள் உண்மையிலேயே இருந்திருக்கின்றன. இன்டெலின் பே டிரெயில் சிப்புகள் லினக்ஸில் சும்மா இருக்கும்போது உறைந்துபோயின. உறக்கத்தின் ஆழத்துக்கு வரம்பு கட்டி வைத்துத்தான் பலர் ஓட்டினார்கள். 2017-ல் வந்த முதல் தலைமுறை ரைசன் சிப்புகளிலும் அதே புகார் எழுந்தது. விண்டோஸுக்கு முன்பே விழிக்கிற பயாஸ் என்ற அடிப்படை நிரலில் "டிப்பிக்கல் கரன்ட் ஐடில்" என்று ஒரு தேர்வையே வைத்தார்கள். ஓய்விலும் ஓரளவு மின்சாரம் எடுத்துக்கொண்டே இரு என்று அதற்கு அர்த்தம். உலகின் பெரிய பெரிய கம்பெனிகளே தடுக்கி விழுந்த இடத்தில் நீ நின்றுகொண்டு "நான் மக்கு" என்கிறாய்! லேப்டாப் கம்பெனி பயாஸுக்குப் புதிய பதிப்பு கொடுத்திருக்கிறதா என்று போய்ப் பார். சார்ஜரை மாட்டிக்கொண்டு, பேட்டரியும் நிரம்பியிருக்கும்போது போடு. பாதியில் மின்சாரம் போனால் அப்புறம் என்னைத் திட்டாதே.

மூன்றாவது மாற்றத்தை யாருமே யோசிப்பதில்லை. லேப்டாப் சும்மா இருக்கும்போது நீ என்ன செய்கிறாய்?

எங்கள் தெருவில் ஒரு பெண் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறார். டிசைன்களெல்லாம் லேப்டாப்பில். "வேலை பார்க்கும்போது நல்லா இருக்குண்ணே. நான் ஊசியை எடுத்தா அது போயிடுது" என்றார். நான் 41-ஐத் தேடினேன். ஒன்றுகூட இல்லை! ஒவ்வொரு முறையும் மரியாதையாக, முறைப்படிதான் மூடியிருக்கிறது. அப்படியானால் யாரோ மூடச் சொல்கிறார்கள். யார்? எனக்குத் தெரியவில்லை. ஒரு நோட்டை வாங்கிக் கொடுத்து, அணையும்போதெல்லாம் மணி, சார்ஜர் இருந்ததா, கையில் என்ன இருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். இதெல்லாம் எதுக்குண்ணே என்று சிரித்தார். ஆனால் எழுதினார்.

ஐந்தாம் நாள் அவரே வந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். நோட்டின் எல்லா வரியிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்திருந்தது: போன். ஊசியை எடுத்ததும் வாடிக்கையாளர் அனுப்பிய படத்தைப் பார்க்க, போனைக் கீபோர்டுக்குக் கீழே கை வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறார். மூடி போட்ட கவர். மூடி ஒட்டிக்கொள்ள அதற்குள் ஒரு காந்தம். லேப்டாப்பின் திரையை மூடினால் அதற்கு எப்படித் தெரிகிறது? விளிம்பில் ஒரு குட்டிக் காந்தம், எதிரே அதை உணர்கிற ஒரு சென்சார். போன் கவரின் காந்தம் அந்த சென்சாரின் தலைமேல் போய் உட்கார்ந்ததும், "ஓ, மூடிவிட்டார்கள்" என்று லேப்டாப் நினைத்துக்கொண்டது. மூடினால் ஷட் டவுன் ஆக வேண்டும் என்று அவருடைய தம்பி எப்போதோ செட்டிங்கை மாற்றி வைத்திருக்கிறான்.

"அஞ்சு தடவை வச்சுப் பார்த்தேண்ணே. அஞ்சு தடவையும் செத்துச்சு. கவரைக் கழட்டிட்டு வச்சேன், சாகல."

நான் அசந்து நின்றேன். நான் சொல்லிக் கொடுக்காததை அவராகச் செய்திருக்கிறார். வைத்தால் சாகிறதா, எடுத்தால் பிழைக்கிறதா, மறுபடி வைத்தால் மறுபடி சாகிறதா? ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு செய்வதும் இதைத்தான். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

நாம் தோற்பது எங்கே தெரியுமா? ஒரே இரவில் ஐந்தை மாற்றுகிற அவசரத்தில்! டிரைவரையும் மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு, ராமையும் கழற்றி மாட்டி, சார்ஜரையும் கடன் வாங்கி மாட்டுகிறோம். சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் எது தப்பு என்றும் தெரியாது. இரண்டு வழியிலும் நீ முட்டாளாக வெளியே வருகிறாய். ஒன்றை மாற்று. ஒரு நாள் காத்திரு. எழுது. அதன் பிறகு அடுத்தது.

பேட்டரியை இப்படித்தான் விசாரிக்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று ஒரு கட்டளை உண்டு. அதோடு பேட்டரிரிப்போர்ட் என்ற வாலைச் சேர்த்தால் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்கும். பிறந்தபோது இருந்த கொள்ளளவு ஒரு வரியில், இன்று நிரம்புகிற அளவு அடுத்த வரியில். முதலாவது 41,000 என்றும் இரண்டாவது 18,000 என்றும் இருந்தால் உன் பேட்டரி கிழவனாகிவிட்டது. கிழட்டு பேட்டரி சொல்கிற சதவீதத்தை நம்பாதே. 40 என்று காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒரு செல் தொங்கிப்போனதும் தடாலென்று அடிமட்டத்துக்கு விழும், லேப்டாப் படுத்துவிடும். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றி வைத்துவிட்டு வெறும் சார்ஜரில் ஒரு நாள் ஓட்டு. பிழைத்ததா? குற்றவாளி அகப்பட்டான். பேட்டரி உள்ளேயே இருக்கிறது என்றால் தலைகீழாகச் செய்: சார்ஜரை எடுத்துவிட்டுப் பேட்டரியில் மட்டும் சும்மா விட்டுப் பார். அப்போது அணையவில்லை, சார்ஜர் மாட்டினால்தான் அணைகிறது என்றால், சார்ஜரின் பின்னையும் அது நுழைகிற ஓட்டையையும் மெதுவாக ஆட்டிப் பார்.

விண்டோஸ் மேல் சந்தேகமா? பென்டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து கிளப்பி, ஒரு மணி நேரம் சும்மா விடு. அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் நிரபராதி. பயாஸ் திரையிலேயே விட்டுவைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அங்கே அணைந்தால் உடம்பில்தான் கோளாறு என்று உறுதி. அணையாவிட்டால் மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதே, பயாஸ் திரையில் பிராசஸர் அவ்வளவு ஆழமாக உறங்குவதில்லை. ராம் மேல் சந்தேகமென்றால் மெம்டெஸ்ட் 86 என்ற இலவச நிரலை ஓர் இரவு முழுக்க ஓட விடு. சென்னை ரிச்சி தெருவின் கம்ப்யூட்டர் கடைகளில் ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டுவதைப் பார்த்திருப்பாய். சிரிக்காதே, பல நேரம் அது வேலை செய்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியையும் விலக்கிய பிறகு தொடு.

தைரியசாலி என்று காட்டிக்கொள்ள ஒன்றை மட்டும் செய்யாதே. டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது. அந்த நிமிடமே அணை, சார்ஜ் போடாதே, அழுத்தாதே, குத்தாதே. லித்தியம் உன் வீரத்தைப் பார்த்துப் பின்வாங்காது. சார்ஜர் டப்பாவையும் உடைத்துப் பார்க்காதே, அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். இந்த இரண்டையும் கடைக்காரரிடம் விடு. நானும் விட்டுவிடுகிறேன்.

கடைக்குப் போ, ஆனால் எப்படிப் போகிறாய் என்பது முக்கியம். "அண்ணே, என்னமோ ஆயிடுச்சு, பாருங்க" என்று இனி சொல்லக்கூடாது. நோட்டோடு போ. "பன்னிரண்டு தடவை அணைஞ்சிருக்கு. பன்னிரண்டும் சும்மா இருக்கும்போதுதான். 41 வருது, உள்ள எல்லாம் 0. லினக்ஸ்லயும் அணையுது. பேட்டரி இல்லாமலும் அணையுது. ராம் டெஸ்ட் பாஸ். போர்டுல பவர் பக்கம் பாருங்கண்ணே" என்று சொல். அந்த மனிதர் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்ப்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார். "நீங்க எந்தக் கடை?" என்று கேட்டாலும் கேட்பார். விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டு ஆயிரம் ரூபாய் கேட்கிற பேச்சு அதற்குப் பிறகு எழாது.

2011 முதல் தமிழ்நாட்டில் எத்தனை எத்தனை மாணவர் வீடுகளுக்கு அரசின் இலவச லேப்டாப் போய்ச் சேர்ந்திருக்கிறது! வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான் என்கிற குடும்பங்கள் எத்தனையோ. அவற்றில் சில இன்றும் பரண்மேல் கிடக்கலாம், எப்போதோ ஒரு நாள் அணைந்தது என்பதற்காக. யாரோ ஒருவர் ராசியில்லை என்று சொல்லி மூட்டை கட்டியிருப்பார். இறக்கு அதை! தூசி தட்டு. பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று முதலில் பார்.

இன்று ராத்திரியே ஒரு நாற்பது பக்க நோட்டை எடு. மேலே தேதி போடு. சார்ஜர் மாட்டியிருக்கிறது என்று எழுது. போன் எங்கே இருக்கிறது என்று எழுது. பாதி அடித்ததைச் சேமி. லேப்டாப்பைத் திறந்தபடி விட்டுவிட்டு, மணியைக் குறித்துக்கொண்டு, டீ போடப் போ. பால் பொங்கட்டும், அவசரமில்லை. ஆற்றிக் குடித்துவிட்டே வா. வந்து பார்க்கும்போது திரை கறுப்பாக இருந்தால் நல்லது. உட்கார்ந்து இரண்டாவது வரியை எழுது.